கறுப்புக் கார் கழுவிய ஞாயிறு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கறுப்புக் கார் வைத்திருப்பவர்கள் நாங்கள் மட்டும்தான். என் கணவர் அதை வாங்கிக்கொண்டு வந்த அன்று, பார்க்க வந்த எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "வெள்ளையில கெடைக்கலையா?"

நியாயமான கேள்விதான். டிக்கோயாவிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் பாதித் தூரத்துக்குத்தான் தார். மீதி மண் ரோடு. வெயில் அடித்தால் புழுதி, மழை பெய்தால் சேறு. வெள்ளைக் காரில் ஒரு வாரத்து அழுக்குகூடச் சட்டென்று தெரியாது. கறுப்பில் காலையில் படிந்த தூசி மத்தியானத்துக்குள் கண்ணை உறுத்தும். அழுக்கைவிட மோசம், அதைத் துடைக்கும்போது விழுகிற கீறல். மண்ணோடு சேர்த்துத் துணியால் தேய்த்துவிட்டால் போதும், அடுத்த வெயிலில் பொனட் முழுவதும் சிலந்தி வலை பின்னியது போல நுண்ணிய கோடுகள் தெரியும். வெள்ளையிலும் அந்தக் கீறல்கள் விழத்தான் செய்யும். யார் கண்ணுக்கும் படாது, அவ்வளவுதான்.

இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. கத்தாரில் இருந்த காலம் முழுவதும் அவர் செய்த வேலையே கார் கழுவுவதுதான். இருந்தும் கறுப்பைத்தான் வாங்கினார். ஏன் என்று நானும் கேட்டேன். "பிடிச்சிருந்துச்சு" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து எடுக்கிற போனிலும் "சாப்பிட்டியா, புள்ள சாப்பிட்டுச்சா, இங்க ஒண்ணும் பிரச்சின இல்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். திரும்பி வந்த பிறகும் அந்த வருஷங்களைப் பற்றி அவராக வாய் திறந்ததில்லை. நானும் தோண்டிக் கேட்கவில்லை. நல்லபடியாக வந்து சேர்ந்தாரே, அது போதும் என்று இருந்தேன்.

கார் வந்த அன்று அவர் முதலில் போனது பக்கத்து வீட்டு அக்காவிடம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் லயத்தில் எங்களுக்கும் அவருக்கும் ஒரே சுவர். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர், கணவர் இல்லை, ஒரே மகள். என் கணவர் அவர் வீட்டு வாசலில் நின்று, "அக்கா, பாப்பா கல்யாணத்துக்கு வேற வண்டி பாக்கக் கூடாது. இதுதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். அப்போது அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளையே பார்க்கவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே, "மொதல்ல நீங்க ஏறி ஒரு சுத்து சுத்துங்க தம்பி" என்றார்.

என் கணவர் ஏன் அப்படி வாக்குக் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் கத்தாருக்குப் போனபோது நான் கர்ப்பமாக இருந்தேன். எனக்கு வலி கண்ட அன்று அடைமழை. பாதையில் மரம் விழுந்து எந்த வாகனமும் மேலே ஏற முடியவில்லை. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார். ஒரு கையில் குடை, இன்னொரு கை என் இடுப்பைச் சுற்றி. அப்படியே என்னை மெயின் ரோடு வரை நடத்திக்கொண்டு போய், பஸ்ஸை மறித்து ஏற்றி, டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஈரச் சேலையோடு பிரசவ வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். பிள்ளை பிறந்ததும் என் கணவருக்குப் போன் போட்டுச் சொன்னதும் அவர்தான். அதன் பிறகு எத்தனை தரம் நன்றி சொன்னாலும், "அடப் போ தங்கச்சி, நீயா இருந்தா வந்திருக்க மாட்டியா" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அக்காவின் மகளுக்கு லிந்துலைப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீட்டாரின் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம், திங்கட்கிழமை, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளில். பெண்ணை எங்கள் காரில் அழைத்துப் போவதென்று எப்போதோ முடிவாகிவிட்டது. என் கணவர் புதுத் துணி, ஷாம்பு எல்லாம் வாங்கி வைத்துத் தயாராக இருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான், காரைக் கழுவத் தண்ணீர் தூக்கிக்கொண்டு வரும்போது, மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்கு இறங்குகிற பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் முறிவு. முழங்கைவரை கட்டுப் போட்டுவிட்டார்கள்.

வாடகைக்கு ஓடுகிற கார் என்பதால், வந்த ஹயர்களுக்கு அவருடைய தம்பி ஓட்டினார். சனிக்கிழமை கொழும்புக்கு ஒரு பயணம். திரும்பி வரும்போது கினிகத்தேனைக்கு அப்பால் மண்சரிவைச் சீர்செய்துகொண்டிருந்த இடத்தில், மழையில், லொறிகளின் பின்னால் வரிசையில் நின்று வந்திருக்கிறார். கார் எங்கள் லயத்தின் முன்னால் வந்து நின்றபோது அது கறுப்பு என்று சொல்வதற்கு மேல்கூரை மட்டும்தான் சாட்சி. கதவுகளிலும் பின்பக்கத்திலும் செம்மண் அப்பிக் காய்ந்திருந்தது.

தம்பி நல்ல மனதோடு தோளில் கிடந்த துவாயை எடுத்துப் பொனட்டைத் துடைக்கப் போனார். வாசலில் உட்கார்ந்திருந்த என் கணவர் எழுந்தேவிட்டார்.

"தொடாதடா. அப்படியே விடு."

"தூசியத் தட்டி விடலாம்னு பாத்தேன் அண்ணே."

"அது தூசி இல்ல, மண்ணு. காஞ்ச மண்ணுல துணி பட்டா உப்புத்தாள் வச்சுத் தேய்ச்ச மாதிரி ஆயிரும். நாளைக்குப் பாத்துக்குவோம்."

நாளைக்கு யார் பார்ப்பது என்பதுதான் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு வேறொரு வேன் ஓட்டுகிற வேலை இருந்தது. ஹட்டனில் கார் கழுவும் இடத்தில் கொடுத்துவிடலாமே என்றேன். அவர் தலையை ஆட்டினார். அங்கே வேலை செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. விடுமுறைக்கு முந்தின நாள் வண்டிகள் வரிசையில் நிற்கும், ஒரே துணி எல்லா வண்டியிலும் ஓடும், அவர்களுக்கும் வேறு வழியில்லை என்றார். "நானும் அப்படி ஓடுனவன்தான்" என்று மெதுவாகச் சொன்னார்.

"அப்ப நான் கழுவுறேன். நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தோட்டத்து முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள். காரில் ஏறி உட்காருவதைத் தவிர அதைத் தொட்டதேயில்லை. "கை வலிக்கும்" என்றார். "வலிக்கட்டும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பது இல்லை என்பதால், கொழுந்து நிறுக்கிற மடுவம் காலியாகக் கிடந்தது. சிமெந்துத் தரை, தகரக் கூரை, பக்கத்தில் ஒரு பைப். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் கேட்டோம். "கல்யாண வேலதானே, பாத்துக்கங்க. கூட்டி விட்டுட்டுப் போங்க" என்றார். தம்பி தன் வேலைக்குப் போகும் முன் காரை மடுவத்துக்குள் நிறுத்திவிட்டுப் போனார். நான் உடனே பைப்பைத் திறக்கப் போனேன். என் கணவர் தடுத்தார். இப்போதுதான் ஓடி வந்திருக்கிறது, பொனட் சூடாக இருக்கும், சூட்டில் தண்ணீரும் சோப்பும் பட்டு உடனே காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும் என்றார். மகள் கல்யாண வீட்டில் இருக்க, பொனட் ஆறும்வரை நாங்கள் இரண்டு பேரும் கொழுந்துச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தோம். கல்யாணமான பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டுமாக அப்படி வெளியில் உட்கார்ந்து தேநீர் குடித்த நாட்கள் குறைவு. அதுவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பைப்பைத் திறந்தால் நூல் போலத் தண்ணீர் வந்தது. மேலே தொட்டியில் இலை அடைத்திருக்க வேண்டும். அதைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. சேறு பிடித்த காருக்கு முதல் மருந்து தண்ணீர்தான். மேலிருந்து கீழாக நிறையத் தண்ணீர் ஊற்றி, மண் தானாக ஊறிக் கரைந்து இறங்கும்வரை காத்திருந்து, மறுபடியும் ஊற்ற வேண்டும். அதுவரை கை படவே கூடாது. ஒரு வாளி, இரண்டு வாளியில் முடிகிற காரியமல்ல.

பீலிக்குப் போய்த் தூக்கி வருகிறேன் என்று வாளியை எடுத்தேன். படியில் என்னைக் கண்ட அக்கா என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் உடனே வீட்டுக்குள் போனார். கல்யாணத்துக்காக வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டும் பலகாரம் சுட்டுக்கொண்டும் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களில் பாதிப்பேர் கேன்களோடும் குடங்களோடும் பீலியிலிருந்து மடுவத்துக்கு வரிசையாக வந்தார்கள். கல்யாண வீட்டை விட்டுவிட்டுக் கார் கழுவத் தண்ணீர் சுமக்கிறார்கள்.

"ஊத்துங்க, ஊத்துங்க. மேல இருந்து மெதுவா ஊத்துங்க" என்று என் கணவர் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். செம்மண் சாயம்போலக் கரைந்து சிமெந்துத் தரையில் ஓடியது. இடையில் அக்கா தேங்காய்நாரை எடுத்துக்கொண்டு வந்து, சட்டி தேய்க்கிற வேகத்தில் பின்கதவுப் பக்கம் குனிந்தார்.

"அக்கா, அக்கா, அதக் கீழ போடுங்க."

"ஏன் தம்பி, ஒட்டிக்கிட்டு நிக்கிது பாருங்க."

"நிக்கட்டும் அக்கா. இன்னும் ரெண்டு வாளி ஊத்துனா அதுவாப் போயிரும். அழுக்கத் தேய்க்கக் கூடாது. தூக்கி எடுக்கணும்."

அக்கா நாரைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "அப்ப கொழுந்து கசங்காம எடுக்கிற மாதிரியா?" என்று கேட்டார்.

"அதேதான்" என்றார் இவர். அக்கா திருப்தியாகி மறுபடியும் தண்ணீருக்குப் போனார்.

மண் எல்லாம் இறங்கிய பிறகுதான் என் வேலை தொடங்கியது. பெண்கள் பலகாரச் சட்டிக்குத் திரும்பிப் போனார்கள். எனக்கு முன்னால் இரண்டு வாளிகள். ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். வெறும் தண்ணீர் வாளியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். துணியை அலசும்போது உதிர்கிற மண் கூடைக்குக் கீழே போய்த் தங்கிவிடும், மறுபடி துணியில் ஏறாது. சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கொண்டு வந்திருந்தேன். அதைத் தொடவேண்டாம் என்றார். அது எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்தது, பெயின்ட் மேல் இருக்கிற மெழுகையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுமாம்.

பஞ்சுபோல மொசுமொசுவென்று இருந்த துணியுறையைக் கையில் மாட்டிக்கொண்டு கூரையில் ஆரம்பித்தேன். எங்கள் வீட்டுத் தரையைத் துடைக்கிற பழக்கத்தில் கை தானாக வட்டமாகச் சுற்றியது.

"வட்டம் வேணாம். நேரா இழு. முன்னால இருந்து பின்னால."

இழுத்தேன்.

"அழுத்தாத. துணியோட பாரமே போதும்."

அழுத்தாமல் தேய்ப்பது இவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது. அழுத்தித் தேய்த்தால் உடம்பின் பாரம் கைக்கு உதவும். அழுத்தாமல் கையைக் காற்றில் பிடித்தது போல வைத்துக்கொண்டு இழுத்தால், தோள்பட்டையில்தான் வலி எடுக்கிறது. கூரையை முடிப்பதற்குள் எனக்குத் தோள் கடுத்தது. ஒரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசி, பிறகு ஷாம்புவில் தோய்த்து அடுத்த பகுதி. முடித்த இடத்தில் நுரை காயும் முன் தண்ணீர் ஊற்ற வேண்டும். கூரை, கண்ணாடி, பொனட், கதவுகளின் மேல்பாதி, கடைசியில் கீழ்ப்பாதி. கீழேதான் மண் அதிகம். அங்கே பட்ட துணி மேலே போகக் கூடாது. சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. ஒரு தடவை துணியுறை கை நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து உதறினேன்.

"அது போச்சு. வேற எடு" என்றார்.

"அலசுனா போகாதா?"

"ஒரு மணல் போகாம இருந்தாலும் கோடு விழும். இத நான் பாத்திருக்கேன்."

அப்படித்தான் அவர் பேச ஆரம்பித்தார். அவருடைய கைக்கு வேலை இல்லாததாலோ, நான் அவருடைய வேலையைச் செய்துகொண்டிருந்ததாலோ, தெரியவில்லை. நான் பின்கதவைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் சாக்கின் மேல் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

உயரமான ஒரு கட்டடத்தின் நிலத்தடியில்தான் அவருடைய வேலை. மேலே குடியிருக்கிறவர்களின் கார்கள் எல்லாம் கீழே நிற்கும். அவர்கள் வேலைக்குப் புறப்படுவதற்கு முன் கழுவி முடிக்க வேண்டும். வெளிக்காற்று கிடையாது. புகையும் சூடும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். தண்ணீர் அளந்துதான் தருவார்கள், வாளிக் கணக்கில். பாலைவனத் தூசி மாவு போல இருந்தாலும் கண்ணாடித் தூள் மாதிரி அறுக்கும். எல்லோரும் பயப்படுவது கறுப்புக் காருக்குத்தான். கீறல் விழுந்திருக்கிறதா என்று மேற்பார்வையாளர் ஒருத்தர் டார்ச் அடித்துப் பார்ப்பாராம், ஒவ்வொரு நாளும்.

"அழுக்கத் தேய்க்காத, தூக்குன்னு எனக்குச் சொன்னவன் ஒரு நேபாளப் பையன். என்கூட ரூம்ல இருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் பாஷ தெரியாது. கையப் புடிச்சுக் காட்டுனான். அவன் காட்டலேன்னா மொத மாசமே என்னைய அனுப்பியிருப்பாங்க."

நான் அலசிய துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன். விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. விடுமுறையில் அவர் வந்தபோதெல்லாம் விரல் நுனிகள் வெடித்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். குளிருக்கு என்று நினைத்தேன். தேங்காய் எண்ணெய் தடவி விட்டிருக்கிறேன். அந்த விரல்கள் ஒரு நாளில் எத்தனை வாளிகளுக்குள் போய் வந்தன என்று அன்றுதான் என் கை எனக்குச் சொன்னது. நாங்கள் சாப்பிட்ட சோறு, மகளுடைய பள்ளிக்கூடம், வீட்டுக்கு மாற்றிய கூரைத் தகடு எல்லாம் அந்த விரல்களிலிருந்து வந்தவை. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் தோள் வலியோடு தெரிந்துகொள்வது வேறு.

"நம்ம பாப்பா பொறந்தன்னிக்கும் வேலதான்" என்றார்.

நான் துணியை வாளியில் தோய்த்தேன். பேசினால் நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன்.

"ஒரு கறுப்புக் காரு. பொனட் தொடைச்சுக்கிட்டு இருந்தேன். போன் அடிச்சுச்சு. அக்காதான். 'தம்பி, பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. மூக்கு உங்க மூக்குதான்' அப்படின்னாங்க. சுத்தி ஒருத்தரும் இல்ல. யார்கிட்டச் சொல்றது? குனிஞ்சு பாத்தா பொனட்ல என் மூஞ்சி. கண்ணாடி மாதிரித் தெரிஞ்சுச்சு. சிரிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு நிக்கிறேன். என் மூஞ்சியப் பாத்து நானே சொல்லிக்கிட்டேன், 'அப்பாவாயிட்டடா'ன்னு."

பிறகு, "அன்னிக்கு நெனச்சேன், நமக்குன்னு ஒண்ணு வாங்குனா கறுப்புதான் வாங்கணும்னு" என்றார்.

நான் கதவில் கிடந்த நுரையின் மேல் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவர், "போதும், போயிருச்சு" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

துடைக்கிற வேலை மீதி இருந்தது. தண்ணீரைத் தானாகக் காயவிடக் கூடாது. பெரிய மெல்லிய துவாயை இரண்டு முனையில் பிடித்து, பொனட்டின் மேல் விரித்துப் போட்டு, தேய்க்காமல் மெதுவாகத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும். அவர் எழுந்து வந்து இடது கையால் ஒரு முனையைப் பிடித்தார். நான் மறுமுனையைப் பிடித்தேன். குழந்தையைத் தொட்டிலில் போடும்போது சேலையைப் பிடிப்பது போல இரண்டு பேரும் பிடித்து இழுத்தோம். துவாய் போன வழியில் கறுப்பு பளபளவென்று எழுந்து வந்தது. தகரக் கூரையும் வெளியே தேயிலை மலையும் எங்கள் இரண்டு பேர் முகமும் அதில் தெரிந்தன. நன்றாகத்தான் இருந்தோம்.

போன் வெளிச்சத்தை அடித்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நான் பின்னாலேயே நடந்தேன். கடைசியில், "கோடு ஒண்ணும் இல்ல" என்றார். முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் போட்டுக் கொடுக்கிறவள் நான். எனக்கு அன்று ஒரு நட்சத்திரம் கிடைத்தது போல இருந்தது.

மழை வந்தால் என்ன செய்வது, மேலே ஏதாவது போர்த்தலாமா என்று கேட்டேன். போர்த்துகிற துணியில் இருக்கிற புழுதியே காற்றில் ஆடித் தேய்க்கும் என்று சொல்லி அப்படியே விடச் சொன்னார். மடுவத்தைக் கூட்டிக் கழுவி விட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை பனி கலைவதற்குள் அலங்காரம் செய்ய ஹட்டனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பூச்சரத்தை ஒட்ட அவர்கள் டேப்பை எடுத்ததும் என் கணவர் பதறாமல், கையோடு கொண்டு வந்திருந்த பட்டு நாடாவை நீட்டினார். பொனட்டின் ஓரத்தில் உள்பக்கமாகக் கொக்கியில் கட்டினால் பெயின்டில் எதுவும் படாது என்று காட்டினார். அவர்களும் சரி என்று கட்டினார்கள்.

பிறகு அக்கா தட்டோடு வந்தார். கற்பூரம், எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சந்தனத்தை விரலில் தொட்டுக்கொண்டு பொனட்டின் பக்கம் வந்தவர், முந்தின நாள் தேங்காய்நார் நினைவு வந்ததோ என்னவோ, அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, இது வைக்கலாமா? கீறுமா? கண்ணாடியில வச்சிரவா?"

என் கணவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நீங்க எங்க வச்சாலும் சரி அக்கா. நடுவுல பெருசா வைங்க."

அக்கா வைத்தார். கறுப்பின் நடுவில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும். எனக்கு அது கார் மாதிரியே தெரியவில்லை. சொந்தக்காரப் பெண் ஒருத்திக்குப் பொட்டு வைத்தது போல இருந்தது.

அக்கா சொந்தக்காரர்களோடு வேனில் வருவதாகத்தான் ஏற்பாடு. மகள் காரில் ஏறியதும் அவர் ஒதுங்கி வேன் பக்கம் போனார். முன் சீட்டில் உட்காரவிருந்த என் கணவர் இறங்கிப்போய், "அக்கா, நீங்க இதுல ஏறுங்க. நான் வேன்ல வாறேன்" என்றார்.

"எனக்கு என்னா தம்பி, பொண்ணுக்குத்தானே காரு."

"உங்களுக்குந்தான் அக்கா" என்றார். "அன்னிக்கு நீங்க எங்களுக்காக நடந்தீங்க. இன்னிக்கு உக்காந்து போங்க."

அக்கா எப்போதும் போல, "அடப் போங்க தம்பி" என்று ஆரம்பித்தார். ஆனால் முடிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினார். கல்யாணப் பெண் நடுவில், அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்; பின்னால் இருந்த என் மகள் முன் சீட்டுக்கு மாறினாள். தம்பி ஓட்டினார். வளைவில் திரும்பும்போது பின்னால் பார்த்தேன். என் கணவர் வேனில் ஏறாமல், கட்டுப் போட்ட கையோடு ரோட்டில் நின்று கார் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலவாக்கலை தாண்டும்வரை அக்கா தன் மகளின் கையை விடவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். பிறகு திடீரென்று, "ஆட்டமே இல்லாம போகுது, என்னா தங்கச்சி" என்றார். எனக்கு அந்த மழை நாளும் அவர் என் இடுப்பைப் பிடித்திருந்த பிடியும் நினைவுக்கு வந்தன. "ஆமாங்க அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. லிந்துலையிலிருந்து திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. காரில் பூவிதழ்களும் அரிசியும் புழுதியும். அடுத்த நாள் முன்பள்ளி முடிந்து வந்ததும் யாரும் சொல்லாமலே இரண்டு வாளியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். காய்ந்திருந்த சந்தனத்தின்மேல் ஈரத்துணியைப் போட்டு, அது இளகும்வரை காத்திருந்து எடுத்தேன். தடம் இல்லை.

பின்பக்கக் கதவைத் துடைக்கும்போதுதான் கண்டேன். கைப்பிடிக்குக் கீழே பிறை போலச் சின்னச் சின்னக் கோடுகள். கல்யாணப் பெண் ஏறும்போதும் இறங்கும்போதும் அவளுடைய கண்ணாடி வளையல்கள் உரசிய கோடுகள். நான் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பொலிஷ் போட்டால் போய்விடுமா என்று கேட்டேன்.

குனிந்து வெகுநேரம் பார்த்தார். பெருவிரலால் ஒருமுறை தடவினார்.

"போகும்" என்றார். "ஆனா கெடக்கட்டும்."

கட்டுப் பிரித்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன. ஸ்டியரிங் பிடிப்பதற்கு அவர் கை இப்போது நன்றாக இருக்கிறது. துணியை முறுக்கிப் பிழியத்தான் மணிக்கட்டு விடுவதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கழுவுகிறார், நான் பிழிந்து கொடுக்கிறேன். வேலை நடக்கிறபோது ஏதாவது சொல்லுவார். அந்த நேபாளப் பையனின் ஊர், நிலத்தடியில் ஒளித்து வளர்த்த பூனை, பெருநாளுக்கு யாரோ கொண்டுவந்து கொடுத்த பேரீச்சம்பழம். ஒரு வாரத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் இன்னும் நிறைய இருக்கும் போலிருக்கிறது. கார் காய்ந்த பிறகும் சில நாட்கள் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே கேட்டுக்கொண்டு நிற்பதுண்டு.